கரையோர டால்பின்கள் ஏன் குறைகின்றன: வலையில் தொடங்கும் கணக்கு

கேள்வி இதுதான்: "கரையோரக் கடலில் வாழும் டால்பின்களுக்கு மனிதர்களால் வரும் பெரிய ஆபத்து எது? பிளாஸ்டிக்கா, படகுச் சத்தமா, இரசாயனக் கழிவா? எதை முதலில் நிறுத்த வேண்டும்?"

முதலில் நிறுத்த வேண்டியது வலை, அதிலும் செவுள்வலை, அதாவது மீனின் செவுள் மாட்டிக்கொள்ளும்படி நீரில் சுவர்போல நிற்கும் வலை. மீன்பிடிக் கருவிகளில் தவறுதலாகச் சிக்கி உலகெங்கும் ஆண்டுக்கு 3 லட்சம் திமிங்கிலங்களும் டால்பின்களும் அவற்றின் உறவினமான போர்பாய்ஸ்களும் சாகின்றன என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. டால்பினைப் பிடிக்க நினைத்து யாரும் அந்த வலைகளை விடுவதில்லை. மற்றவை பொருட்டல்ல என்று இதற்கு அர்த்தமில்லை. சில விரிகுடாக்களில் நச்சோ நன்னீரோ படகுகளோதான் முதல் எதிரி. ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் வேண்டும். அது பிறப்புக் கணக்கு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கரையோரங்களில் அதிகம் காணப்படும் பாட்டில்மூக்கு டால்பினை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் டால்பின் பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல்தான் முதல் குட்டி போடும். கர்ப்பம் 12 மாதம், ஒரு நேரத்தில் ஒரே குட்டி. குட்டி ஒன்றரை இரண்டு ஆண்டுகளாவது, பல நேரம் அதற்கு மேலும், பால் குடிக்கும். தாயோடு மூன்று நான்கு ஆண்டுகள் சுற்றும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு இடைவெளி. எல்லாம் நன்றாக நடந்தாலும் ஒரு கூட்டத்தின் எண்ணிக்கை ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் பெருகும் என்று எதிர்பார்க்க முடியாது. மத்தி மீனைப் போல ஒரு நல்ல பருவத்தில் இழந்ததை மீட்டுவிடும் உயிர் அல்ல இது.

அமெரிக்காவின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1994இல் செய்த திருத்தம் இதை ஒரு எளிய பெருக்கலாக்கியது. கூட்டத்தின் குறைந்தபட்ச எண்ணிக்கையை அதிகபட்ச வளர்ச்சி வீதத்தின் பாதியால் பெருக்க வேண்டும்; பிறகு மீட்புக் காரணி என்ற எண்ணால் பெருக்க வேண்டும். அது கூட்டத்தின் நிலையைப் பொறுத்து 0.1 முதல் 1 வரை இருக்கும். வரும் விடைதான் மனிதர்களால் ஓர் ஆண்டில் சாகக்கூடிய உச்ச எண்ணிக்கை. நூறு டால்பின் கொண்ட கூட்டம் என்றால் 100 × 0.02 = 2. நிலை சரியாகத் தெரியாத கூட்டத்துக்கு 0.5 காரணி, ஆகவே ஆண்டுக்கு ஒன்று. அழிவின் விளிம்பில் இருந்தால் காரணி 0.1, ஐந்து ஆண்டுக்கு ஒன்று. அவ்வளவுதான் மொத்த வரவுசெலவு. வலை, படகு, நச்சு, வெடி எல்லாம் சேர்த்து.

கரையோர டால்பின்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு கூட்டங்களே. ஆழ்கடலில் ஆயிரக்கணக்கில் திரியும் இனங்களைப் போலன்றி, இவை ஒரு கழிமுகம், ஒரு விரிகுடா, சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கரைப்பட்டை என்று தலைமுறைகளாக ஒரே இடத்தில் வாழ்பவை. அங்கே மீன் குறைந்தாலோ சத்தம் கூடினாலோ பக்கத்து விரிகுடாவுக்குப் போய்விடும் என்று நினைப்பது தவறு. பக்கத்து விரிகுடாவில் எங்கே மீன் கிடைக்கும், எங்கே சுறா வரும் என்று அவற்றுக்குத் தெரியாது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் மேற்குக் கரையோரம் மட்டும் வாழும் மௌயி டால்பின்களில் ஒரு வயதைத் தாண்டியவை 2020-21 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 54. மேலே சொன்ன கணக்கை அவற்றுக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது ஆண்டுக்கு ஒரு சாவுதான் தாங்கும்.

இனி வலை. டால்பின் ஒலியெழுப்பி எதிரொலி கேட்டுப் பார்க்கும் விலங்கு. அதற்கு வலை தெரியாதா என்று பலரும் கேட்பார்கள். தெரிய வேண்டும், ஆனால் பல காரணங்களால் தெரிவதில்லை. ஒற்றை இழை நைலான் மிக மெல்லியது, அடர்த்தியிலும் தண்ணீரிலிருந்து அதிகம் விலகாதது. எதிரொலி பலவீனமாகத்தான் வரும். மிதவைக் கயிறும் ஈயக் கயிறும் கொஞ்சம் கூடுதலாக எதிரொலிக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவே திறந்த வெளி இருப்பதாகவே தோன்றும். பழக்கப்பட்ட நீரில் டால்பின் எந்நேரமும் ஒலியெழுப்பிக்கொண்டே போவதும் இல்லை. மீனைத் துரத்தும்போது அதன் கவனம் மீன்மேல் குவிந்திருக்கும், பின்னால் உள்ள வலைமேல் அல்ல. அனுபவமில்லாத இளம் டால்பின்கள் அதிகம் சிக்க இதுவும் ஒரு காரணம்.

சிக்கியபின் நடப்பது மூச்சுத் திணறல். நம்மைப் போல டால்பினுக்கு மூச்சு தானாக நடப்பதில்லை. ஒவ்வொரு மூச்சும் அது எண்ணி விடும் மூச்சு. நீருக்குள் மூச்சுத்துளையைத் திறக்காமல் கடைசிவரை அடக்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வலையில் இறந்த பல டால்பின்களின் நுரையீரலில் தண்ணீர் அதிகம் இருக்காது. கரையோர இனங்கள் சில நிமிடங்களே மூச்சடக்கும். வலையோ மணிக்கணக்கில் தண்ணீரில் கிடக்கும். வலை இழுக்கும் நேரத்தில் உயிரோடு கிடைப்பது பெரும்பாலும் கடைசிச் சில நிமிடங்களில் சிக்கியது மட்டுமே.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழியும் உண்டு. டால்பினின் குரல்வளை வாத்தின் அலகுபோல நீண்டு, உணவுப் பாதையைக் குறுக்கே கடந்து, மூச்சுத்துளைக்குப் போகும் நாசிப் பாதையோடு பொருந்தியிருக்கும். வலையிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்னும்போது நைலான் துண்டும் உள்ளே போனால், அது குரல்வளையைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு விழுங்கலிலும் இன்னும் இறுகும். வெளியே காயமே தெரியாது. விலங்கு மெலிந்து சாகும். ஏட்ரியாட்டிக் கடலில் ஒதுங்கிய பாட்டில்மூக்கு டால்பின்களை அறுத்துப் பார்த்தபோது இது அரிதான விபத்து அல்ல என்று தெரிந்தது. தூண்டில் நரம்பு முட்களோடு விழுங்கப்படுவதும் இதே கதைதான்.

வலைக்கு என்ன தீர்வு? மிக உறுதியாக வேலை செய்வது, டால்பின் வாழும் இடத்தில் செவுள்வலை விடாமல் இருப்பது. நியூசிலாந்தின் பேங்க்ஸ் தீபகற்பத்தில் 1988இல் ஹெக்டர் டால்பின்களுக்காக ஒரு காப்பிடம் அமைத்து வலையைக் கட்டுப்படுத்தினார்கள். இருபதாண்டுத் தரவைப் பார்த்தபோது டால்பின்களின் ஆண்டு உயிர்வாழ்வு 5.4 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஆனால் ஒரு கோட்டைக் கடலில் எங்கே போடுவது என்பதில்தான் பலரும் தவறுவார்கள். அங்கே முதலில் போட்ட எல்லை கரையிலிருந்து 4 கடல் மைல். கோடையில் டால்பின்கள் அதற்குள் இருக்கும், குளிர்காலத்தில் பரவி வெளியே போய்விடும். 2008இல் காப்பிடத்தின் எல்லையை 12 கடல் மைலாக்கினார்கள். எங்கே தடை போட்டாலும் கணக்கெடுப்பை எல்லாப் பருவத்திலும் செய்துவிட்டுத்தான் கோடு போட வேண்டும். ஒரு பருவத்துத் தரவை வைத்துப் போட்ட கோடு அரைக்கோடு.

தடை காகிதத்தில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கலிஃபோர்னியா வளைகுடாவின் வக்கீட்டா சாட்சி. அது டால்பின் அல்ல, போர்பாய்ஸ். ஆனால் வாழ்க்கைமுறை ஒன்றே. 1997இல் 567 என்று மதிப்பிட்டார்கள். 2016 இறுதியில் ஏறத்தாழ 30. இப்போது பத்துக்கு அருகே. அதை யாரும் பிடிக்கவில்லை. டோட்டோவாபா என்ற கத்தாழை இன மீனின் நெட்டிக்காக, அதாவது அதன் காற்றுப்பைக்காக, விடப்படும் கள்ள வலைகளில் அது சிக்கியது. நெட்டிக்குக் கிடைக்கும் விலை அப்படி. மீனவருக்கு மாற்று வருமானமும் வாங்குபவருக்குத் தண்டனையும் சேர்ந்து வராத தடை எதுவும் அங்கே நிற்கவில்லை.

வலையில் கட்டும் ஒலிப்பான்களான பிங்கர்களைப் பற்றி நிறைய நம்பிக்கை இருக்கிறது, அளவோடு நம்புங்கள். ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸில் சில நொடிக்கு ஒருமுறை ஒலிக்கும் இந்தச் சிறு கருவியை வலையின் நீளத்தில் நூறு மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் கட்ட வேண்டும். துறைமுக போர்பாய்ஸ்களிடம் இது நன்றாக வேலை செய்கிறது. அவை கூச்ச சுபாவம் உள்ளவை, சத்தம் கேட்டால் விலகும். பாட்டில்மூக்கு டால்பினிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. அது புத்திசாலி, "சத்தம் வரும் இடத்தில் மீன் மாட்டியிருக்கிறது" என்று கற்றுக்கொண்டால் பிங்கரே சாப்பாட்டு மணியாகிவிடும். பேட்டரி தீர்ந்த பிங்கரும் ஆபத்து: சத்தமுள்ள இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள அமைதியான பகுதி வாசல்போலத் தோன்றும். சிறிய விரிகுடாவில் வலைக்கு வலை பிங்கர் கட்டினால் டால்பின் தன் வீட்டிலிருந்தே துரத்தப்படும். ஆகவே இன்ன இனம், இவ்வளவு பரப்பு, பேட்டரியைச் சோதிக்க ஆள் உண்டா என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் பிங்கர்.

மற்ற வழிகளும் உண்டு. செவுள்வலைக்குப் பதில் மீன்கூடுகளோ கைத்தூண்டிலோ பயன்படுத்தலாம். வலை தண்ணீரில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கலாம். மிதக்கும் வலையின் மேல்விளிம்பை நீர்ப்பரப்புக்கு இரண்டு மீட்டர் கீழே இறக்கலாம். பாகிஸ்தானின் சூரை மீன் வலைகளில் இந்த ஒரு மாற்றம் டால்பின் சாவைப் பெருமளவு குறைத்தது, அதே சமயம் சூரைப் பிடிப்பும் பெரிதாக விழவில்லை. மீனவருக்குச் செலவு மிகக் குறைவு என்பதால் எனக்கு மிகப் பிடித்த தீர்வு அது. ஆழமற்ற கரையோரத்தில் வலை அடிவரை தொடும் என்பதால் எல்லா இடத்திலும் செய்ய முடியாது.

உயிரோடு சிக்கிய டால்பினை விடுவிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தை நிறுத்துங்கள். தலையின் உச்சியில் உள்ள மூச்சுத்துளை நீருக்கு மேலே வரும்படி வலையோடு சேர்த்துத் தாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. தண்ணீரிலேயே வைத்து வலையை அறுங்கள். வாலில் கயிறு கட்டித் தூக்குவதோ துடுப்பைப் பிடித்து இழுப்பதோ முள்ளெலும்பையும் மூட்டையும் பிய்த்துவிடும். வாலின் வீச்சு எலும்பை உடைக்கும், ஆகவே வாலுக்குப் பின்னால் நிற்காதீர்கள். வாய், பக்கத் துடுப்புகளின் அடி, வால்தண்டு மூன்றையும் தடவிப் பார்த்து ஒரு கண்ணியும் மிச்சமில்லை என்று உறுதி செய்யுங்கள். சுற்றியிருக்கும் ஒரு கண்ணியோடு விட்டால், குட்டி வளர வளர அது சதைக்குள் இறங்கும். மூச்சு சீரான பிறகு கைகளைத் தளர்த்துங்கள், அதுவாகப் போகட்டும்.

வலையும் டால்பினும் எப்போதும் பகை என்றில்லை. பிரேசிலின் லகுனா நகரில் நூறாண்டுகளுக்கும் மேலாக டால்பின்கள் மடவைக் கூட்டத்தைக் கரைநோக்கி ஓட்டிவரும். அவை தரும் சைகையைப் பார்த்து மீனவர்கள் வீச்சுவலை எறிவார்கள். இப்படிச் சேர்ந்து வேலை செய்யும் டால்பின்களின் உயிர்வாழ்வு மற்றவற்றைவிட 13 விழுக்காடு அதிகம் என்று 2023இல் வெளியான ஆய்வு சொன்னது. காரணம் உணவு மட்டுமல்ல. வீச்சுவலைக்காரர்களோடு நேரம் கழிப்பதால், அதே கழியில் கள்ளத்தனமாக விடப்படும் செவுள்வலைகளிலிருந்து அவை விலகி இருக்கின்றன.

அடுத்து படகுகள். புரொப்பெல்லர் வெட்டு கண்ணுக்குத் தெரியும் சேதம். பிறந்து சில வாரமான குட்டி அடிக்கடி மேலே வரும், வேகமாக விலகத் தெரியாது. ஆழமற்ற நீரில் கீழே இறங்கவும் இடமிருக்காது. ஆனால் பெரிய சேதம் கண்ணுக்குத் தெரியாத நேர இழப்பு. ஃபுளோரிடாவின் சரசோட்டா விரிகுடாவில் டால்பின்களை 1970 முதல் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள்; உலகிலேயே நீண்ட டால்பின் ஆய்வு அது. பகலில் ஒவ்வொரு டால்பினுக்கும் நூறு மீட்டருக்குள் ஏறத்தாழ ஆறு நிமிடத்துக்கு ஒரு படகு கடந்துபோனதாக அங்கே கணக்கிட்டார்கள். படகு வரும்போதெல்லாம் டால்பின் மூச்சை நீட்டி அடக்கும், திசை மாற்றும், கூட்டம் நெருங்கிக்கொள்ளும். ஒருமுறை நடந்தால் ஒன்றுமில்லை. நாள் முழுக்க நடந்தால் மேய்ச்சலும் பால் கொடுப்பதும் ஓய்வும் அறுந்து அறுந்து போகும்.

இந்த அறுபடல் பிறப்புக் கணக்கில் போய் நிற்பதை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடா காட்டியது. சுற்றுலாப் படகு நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டான பிறகு, படகுகள் போகும் பகுதியில் டால்பின்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்தது. படகு போகாத பக்கத்துப் பகுதியில் அப்படிக் குறையவில்லை. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வை ஏற்று அரசு உரிமங்களை மீண்டும் ஒன்றாக்கியது. அங்கே யாரும் விதியை மீறவில்லை, ஒரு டால்பினையும் படகு மோதிக் கொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மிஞ்சியிருந்த டால்பின்கள் பழகிவிட்டனபோலத் தெரிந்தன. உண்மையில் கூச்சமுள்ளவை போய்விட்டன, பழகக்கூடியவை மட்டும் நின்றன. "இங்குள்ள டால்பின்களுக்குப் படகு பழகிப்போச்சு" என்று யாராவது சொன்னால், முன்பு எத்தனை இருந்தன என்று கேளுங்கள்.

ஹவாயின் சுழல் டால்பின்கள் வேறொரு வகை. அவை இரவில் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலில் மணல் அடியுள்ள ஆழமற்ற விரிகுடாக்களில் தூங்க வரும். அதாவது, சுற்றுலாப் பயணி நீந்த வரும் நேரமே அவற்றின் நள்ளிரவு. மெதுவாக, ஒழுங்காக, சத்தமின்றி ஒன்றாகச் சேர்ந்து நீந்தும் கூட்டம் விளையாட அழைக்கவில்லை, தூங்கிக்கொண்டிருக்கிறது. 2021இல் அமெரிக்கா அங்கே கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள் இந்த டால்பின்களை 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 46 மீட்டருக்குள், நெருங்கக் கூடாது என்று விதி போட்டது.

படகோட்டி கடைப்பிடிக்கக்கூடிய நல்ல நடைமுறை நியூசிலாந்தின் 1992 விதிகளில் இருக்கிறது. டால்பினிலிருந்து 300 மீட்டருக்குள் வந்துவிட்டால் கூட்டத்தில் மெதுவாக நீந்தும் விலங்கின் வேகத்தைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில், சற்றுப் பின்னாலிருந்து, இணையாகத்தான் அணுக வேண்டும். முன்னால் போய் மறிக்கக் கூடாது, கூட்டத்தைப் பிளந்து போகக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று படகுக்கு மேல் அந்த 300 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. குட்டி இருக்கும் கூட்டத்தோடு நீந்தக் கூடாது. இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாலால் நீரை அறைவது, திடீரென நீண்ட நேரம் மூழ்குவது, தாய் தன் உடலைக் குட்டிக்கும் படகுக்கும் நடுவே கொண்டுவருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலகிப் போய்விட வேண்டும்.

டால்பினுக்கு மீன் போடுவது அன்பு என்று நினைப்பவர்களுக்கு: அது கொலைக்கு அருகில் வரும் அன்பு. ஷார்க் விரிகுடாவின் மங்கி மியாவில் கையால் மீன் வாங்கித் தின்ற தாய்களின் குட்டிகள் மற்றக் குட்டிகளைவிட அதிகம் செத்தன. தாய் கரையில் கையேந்தி நின்ற நேரத்தில் குட்டி ஆழத்தில் தனியாக இருந்தது. பால் குடிக்கவும் வேட்டை கற்கவும் நேரம் போயிற்று. பிறகு அளவையும் நேரத்தையும் கடுமையாகக் கட்டுப்படுத்திய பின்புதான் நிலைமை மாறியது. கை நீட்டிப் பழகிய டால்பின் தூண்டில்காரனின் படகையும் தேடிப் போகும், முள்ளையும் விழுங்கும், அதைக் குட்டிக்கும் கற்றுக்கொடுக்கும்.

சத்தத்துக்கு வருவோம். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். டால்பின்கள் ஒன்றையொன்று அழைக்கும் சீழ்க்கைகள் பெரும்பாலும் 2 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஒவ்வொரு பாட்டில்மூக்கு டால்பினுக்கும் பெயர்போலத் தனிச் சீழ்க்கை உண்டு, தாயும் குட்டியும் பிரிந்தால் அதைக்கொண்டே சேரும். பெரிய கப்பலின் சத்தம் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. டால்பினுக்கு நேரடித் தொந்தரவு குறைவு. சிறிய படகின் வெளிப்பொருத்து இயந்திரமே சீழ்க்கையின் எல்லைக்குள் இரைகிறது. ஆழமற்ற நீரில், 50 மீட்டருக்குள் 5 நாட் (மணிக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டர்) வேகத்தில் போகும் சிறு படகே பாட்டில்மூக்கு டால்பினின் அழைப்பு எட்டும் தூரத்தை 26 விழுக்காடு குறைக்கும் என்று 2009இல் அளந்தார்கள். வேகத்தைக் கூட்டினால் புரொப்பெல்லர் நுனியில் குமிழிகள் உருவாகி வெடிக்கும், சத்தம் எகிறும். வேகத்தைக் குறைப்பது மோதலையும் சத்தத்தையும் ஒரே செலவில் குறைக்கும் வழி.

பாலமும் துறைமுகமும் கட்டும்போது கடலடியில் தூண் அறைவது வேறு தரத்திலான சத்தம். அருகில் இருந்தால் செவிப்புலனையே பாதிக்கும். வழக்கமான காப்பு முறை மூன்று பகுதி கொண்டது. முதலில் சுற்றிலும் 500 மீட்டர் தூரம்வரை குறைந்தது 30 நிமிடம் பார்த்து, விலங்கு இல்லை என்று உறுதி செய்வது. பிறகு 20 நிமிடமாவது மெல்லத் தட்டத் தொடங்கிப் படிப்படியாக வலுவைக் கூட்டுவது. மூன்றாவது, தூணைச் சுற்றிக் காற்றுக் குமிழித் திரை எழுப்புவது. ஹாங்காங்கில் 1996இல் இந்தத் திரையைச் சோதித்தபோது சத்தம் ஒட்டுமொத்தமாக 3 முதல் 5 டெசிபல் குறைந்தது. நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் குமிழிகள் அடித்துக்கொண்டு போய்த் திரையில் ஓட்டை விழும். குழாயை இரட்டை வளையமாகப் போட்டால் சமாளிக்கலாம். எங்கே சறுக்குகிறது என்றால், பார்ப்பவரிடம்தான். இரவில், அலையில், மழையில் கண் உதவாது. நீருக்கடி ஒலிவாங்கி வைத்தாலும் அது வாய் திறக்கும் டால்பினை மட்டுமே பிடிக்கும். தூண் அறையும் பணியைக் குட்டி பிறக்கும் பருவத்துக்கு வெளியே வைப்பதும் பகலில் மட்டும் செய்வதும் எந்தக் கருவியையும்விட மேல்.

வெடிக்கு இதே பிழை இன்னும் கொடூரமாக நடந்தது. 2011 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே கடற்படைப் பயிற்சியில் நேரம் குறித்த வெடி வைத்தார்கள். வைத்தபோது டால்பின் இல்லை. கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு நீள்மூக்குப் பொது டால்பின்கள் உள்ளே வந்தன, நிறுத்த வழியில்லை. மூன்று உடனே செத்தன, இன்னொன்று சில நாளில் கரையொதுங்கியது. எப்போதும் நிறுத்தக்கூடிய முறையில் மட்டுமே வெடிக்க வேண்டும் என்பது அதன் நேரடிப் பாடம்.

நச்சுகளில் பிசிபி எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்களே முதன்மை. பழைய மின்மாற்றிகளிலும் கட்டட அடைப்புப் பசைகளிலும் இருந்த இந்த எண்ணெய்ப் பொருள்கள் பல நாடுகளில் 1970, 80களிலேயே தடைசெய்யப்பட்டும் இன்னும் கழிவுக் குழிகளிலிருந்தும் துறைமுகச் சேற்றிலிருந்தும் கசிகின்றன. கொழுப்பில் கரையும், சிதையாது, மீனிலிருந்து மீனுக்கு ஏறும். மேலே நிற்கும் டால்பினின் கொழுப்புப்படலத்தில் சேரும். ஆண் டால்பினிடம் வாழ்நாள் முழுதும் கூடிக்கொண்டே போகும். பெண்ணிடம் முதல் குட்டி பிறந்ததும் திடீரென இறங்கும், ஏனென்றால் பல ஆண்டுகள் சேர்ந்த நச்சின் பெரும்பகுதி பாலில் அந்தக் குட்டிக்குப் போய்விடுகிறது. முதல் குட்டிகள் அதிகம் சாவதற்கு இது ஒரு காரணம். நோய் எதிர்ப்பையும் இது அடக்கும். மார்பில்லிவைரஸ் போன்ற தொற்று வந்தால் கூட்டம் தாங்காது. பிரேசிலின் செபெதிபா விரிகுடாவில் 2017 இறுதியில் தொடங்கிய அந்தத் தொற்றில் 200க்கும் மேற்பட்ட கயானா டால்பின்கள் சில மாதங்களில் செத்தன. ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப்படி பிசிபி கழிவை 2028க்குள் முறையாக அழித்தாக வேண்டும். துறைமுகத்தை ஆழப்படுத்தும்போது பழைய சேற்றைச் சோதிக்காமல் கிளறினால் புதைந்த நச்சு மீண்டும் மீனுக்குள் ஏறும்.

எண்ணெய்க் கசிவின் அளவு 2010 மெக்சிகோ வளைகுடா விபத்தில் தெரிந்தது. லூசியானாவின் பராடாரியா விரிகுடாவில் கர்ப்பமாக இருந்த டால்பின்களைப் பின்தொடர்ந்தபோது ஐந்தில் ஒன்றுதான் பிழைக்கும் குட்டியைப் பெற்றது. கசிவு தொடாத கூட்டங்களில் அது 83 விழுக்காடு. டால்பின் நீர்ப்பரப்பை ஒட்டித்தான் மூச்சிழுக்கிறது, எண்ணெய் ஆவி நிற்பதும் அங்கேதான். நுரையீரல் நோய் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

நன்னீர் ஒரு நச்சாக முடியும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அணையைத் திறப்பது, வெள்ளத்தைத் திருப்புவது, மின்நிலையத்து நீரைக் கடலில் விடுவது எல்லாம் கழிமுகத்தின் உப்பைக் குறைக்கும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்கு 35. அது பத்துக்குக் கீழே இறங்கி வாரக்கணக்கில் அங்கேயே நின்றால் டால்பினின் தோல் செல்கள் நீர் கோத்து வீங்கி உடையும். புண்ணில் பூஞ்சையும் பாசியும் ஏறும். உடலிலுள்ள உப்பும் புரதமும் அந்தப் புண்கள் வழியாகக் கசியும். பெரிய தீக்காயம் பட்டவர் சாவதுபோல அது சாகும். 2007இல் ஆஸ்திரேலியாவின் கிப்ஸ்லாந்து ஏரிகளிலும், 2019இல் மிசிசிப்பி வெள்ளத்தை வளைகுடாவுக்குத் திருப்பிவிட்டபோதும் இது நடந்தது. நியூசிலாந்தின் டவுட்ஃபுல் சவுண்டில் நீர்மின் நிலையத்தின் இரண்டாவது வடிகால் சுரங்கம் 2002இல் திறந்தபின் முதலாண்டுக் குட்டிகளின் உயிர்வாழ்வு வெகுவாகச் சரிந்தது. திறப்பை ஒரேயடியாகச் செய்யாமல் நாள்களுக்குப் பிரித்து விடுவதும், குட்டி பிறக்கும் மாதங்களைத் தவிர்ப்பதும் செய்யக்கூடியவை. நன்னீரோடு நோயும் வரும். பூனைக் கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி மழைநீரில் கடலுக்கு வந்து ஹெக்டர், மௌயி டால்பின்களைக் கொன்றிருக்கிறது.

பிளாஸ்டிக்கைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், கரையோர டால்பின்களை அது கொல்லும் முக்கிய வழி பையோ புட்டியோ அல்ல, தொலைந்த வலையும் நரம்பும். ஆழத்தில் கணவாய் தேடும் அலகுத் திமிங்கிலங்கள் பை விழுங்கிச் சாவதைப்போல இவை அதிகம் சாவதில்லை. 2024இல் சரசோட்டா, பராடாரியா விரிகுடாக்களில் சோதித்த 11 டால்பின்களின் மூச்சிலும் நுண்பிளாஸ்டிக் இருந்தது. கவலைக்குரியதுதான். ஆனால் குப்பை பொறுக்கிவிட்டு வலையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் கணக்கு நேராகாது.

கணக்கு என்றால் எண்ண வேண்டும். டால்பினை எண்ணும் முறை முதுகுத்துடுப்பின் பின்விளிம்பைப் படமெடுப்பது. அதிலுள்ள வெட்டும் பள்ளமும் கைரேகைபோல. துடுப்பு படத்தை நிறைக்கும்படி, பக்கவாட்டிலிருந்து நேராக, சூரியனை முதுகுக்குப் பின் வைத்து எடுங்கள். இரண்டு பக்கமும் கிடைத்தால் நல்லது. சாவை எண்ணுவது கடினம். அரைநூற்றாண்டாகக் கண்காணிக்கப்படும் சரசோட்டாவிலேயே சாகும் டால்பின்களில் மூன்றில் ஒன்றின் உடல்தான் கிடைக்கிறது; மெக்சிகோ வளைகுடாவில் டால்பின்களும் திமிங்கிலங்களும் சேர்ந்து சராசரி 2 விழுக்காடு. ஆகவே கரையில் ஒரு உடல் ஒதுங்கினால் அதை ஒன்று என்று எண்ணக் கூடாது.

அந்த உடலைப் புதைக்கும் முன் வனத்துறைக்கோ கடல்வாழ் உயிர் மீட்புக் குழுவுக்கோ தகவல் சொல்லுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நடுவிலுள்ள பள்ளம் வரை, வளைவில் அல்லாமல் நேர்கோட்டில் நீளம் அளங்கள். இரண்டு பக்கமும் முழுநீளப் படம், பிறகு துடுப்பு, வாய், வால்தண்டு, வயிற்றடி அருகாமைப் படங்கள், எல்லாவற்றிலும் ஒரு அளவுகோலோடு. மூக்கிலும் துடுப்பின் முன்விளிம்பிலும் மெல்லிய இணைக்கோடுகளாகத் தோல் அறுந்திருந்தால் அது வலைத் தடம். வால் அல்லது துடுப்பு கத்தியால் நேராக வெட்டப்பட்டிருந்தால், வலையிலிருந்து எடுக்க அறுத்திருக்கிறார்கள். இணையான வளைந்த ஆழ வெட்டுகள் வரிசையாக இருந்தால் புரொப்பெல்லர். சுறாக் கடி பிறைவடிவில் இருக்கும், பெரும்பாலும் செத்தபின் வந்தது. அதைச் சாவின் காரணமாக எழுதிவிடாதீர்கள். இடம், தேதி, நேரம், அருகில் அன்று என்ன வலை போட்டிருந்தார்கள் என்பதையும் குறித்து அனுப்புங்கள். நூறு டால்பின் கொண்ட விரிகுடாவில் அந்த ஒரு குறிப்புதான் ஓராண்டுக்கான மொத்தச் செலவும் முடிந்துவிட்டது என்பதற்கான ஆதாரம்.